பலிபீடத்தில் ஏறி அமர்ந்த அடிமை: பண்டைய கிரேக்க, ரோம நாடகங்களில் அடிமைகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ரோம நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸ் எழுதிய 'பேய்வீடு' நாடகத்தின் கடைசிக் காட்சியில், திரானியோ என்ற அடிமை மேடையில் இருக்கும் பலிபீடத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். மூன்றாண்டுகள் வெளிநாடு போயிருந்த எஜமானர் திரும்பி வந்தபோது, வீட்டுக்குள்ளே அவருடைய மகன் கடன் வாங்கிய பணத்தில் குடித்துக் கும்மாளமிட்டுக்கொண்டிருந்ததை மறைக்க, அந்த வீட்டில் பேய் குடியிருப்பதாகக் கதைகட்டி அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் இவன்தான். இப்போது குட்டு உடைந்துவிட்டது. எஜமானர் ஆட்களோடு வந்து நிற்கிறார். ஆனால் பலிபீடத்தில் அடைக்கலம் புகுந்தவனை இழுத்துப்போட்டு அடிப்பது தெய்வக் குற்றம். அந்தப் பாதுகாப்பில் அமர்ந்தபடியே அவன் எஜமானரைக் கேலி செய்கிறான். மகனின் நண்பன் வந்து மன்றாட, ஒருவழியாக மன்னிப்பும் கிடைக்கிறது. அந்த இழுபறியின் நடுவே திரானியோ சொல்வதன் கருத்து இது: 'இதற்கு ஏன் இவ்வளவு வருந்துகிறீர்கள்? நாளைக்கே இன்னொரு குற்றம் செய்யாமலா இருந்துவிடுவேன்? அப்போது இரண்டுக்கும் சேர்த்துத் தண்டித்துக்கொள்ளலாம்.'

இந்தக் காட்சியைப் பற்றிப் பொதுவாக இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அடிமை எஜமானரை இப்படி வெளிப்படையாக ஏமாற்றவும் கேலி செய்யவும் முடிந்தது என்றால், அந்த நாடகங்கள் அடிமைமுறையை எதிர்த்தவையாகவோ, அக்காலத்து அடிமைமுறை அவ்வளவு கொடியதாக இல்லாமலோ இருந்திருக்க வேண்டும் என்பது முதலாவது. அடி வாங்கிச் சிரிப்பு மூட்டுவதற்காக மட்டுமே அடிமைகள் மேடையேற்றப்பட்டார்கள், அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை என்பது இரண்டாவது. முதல் கருத்து நாடகத்தின் முடிவைக் கவனிக்கவில்லை. இரண்டாவது அதன் நடுப்பகுதியைக் கவனிக்கவில்லை. மேடையில் ஓர் அடிமைக்கு எதெல்லாம் அனுமதிக்கப்பட்டது, அந்த அனுமதி எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் முடிந்தது என்ற மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் விஷயம் தெளிவாகும்.

மேடைக்கு வெளியே இருந்த அடிமை

சட்டப்படி அடிமை ஓர் உடைமை. அவரை வாங்கலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். அரிஸ்டாட்டில் அடிமையை 'உயிருள்ள உடைமை' என்று விவரித்தார். போரில் பிடிபட்டவர்கள், கடற்கொள்ளையர் கடத்திவந்தவர்கள், அடிமைத் தாய்க்குப் பிறந்தவர்கள் எனப் பலரும் இந்த நிலைக்கு வந்தனர். தோலின் நிறம் இதற்கு அடிப்படையாக இருக்கவில்லை. யாரும், ஒரு கிரேக்கரும்கூட, ஒரே நாளில் அடிமையாகிவிடக்கூடும். கதைக்குத் தேவையான அச்சம், எதிர்பாராத திருப்பம் இரண்டுக்கும் இந்த உண்மைதான் ஊற்று.

ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் செல்லுபடியாக வேண்டுமானால் அது பொதுவாகச் சித்திரவதையின் வழியே பெறப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. இரு சமூகங்களுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடும் உண்டு. ஏதென்ஸில் விடுதலை பெற்ற அடிமை, குடியுரிமை இல்லாத அயலாராகவே அங்கு வாழ்ந்தார். ரோமிலோ, குடிமகன் ஒருவர் முறைப்படி விடுவித்த அடிமை, சில கட்டுப்பாடுகளோடு ரோமக் குடிமகனே ஆகிவிடுவார். ரோம நாடகங்களில் விடுதலை பற்றிய பேச்சு அடிக்கடி எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகமூடியும் பெயரும்

ஒரு திரைப்படத்தில் பட்டுச் சட்டையும் முறுக்கு மீசையும் வைத்த ஒருவர் கார்க் கதவைத் திறந்து இறங்கினாலே, அவர் வாயைத் திறக்குமுன் அவர் பண்ணையாரா வில்லனா என்று நாம் ஊகித்துவிடுகிறோம். கிரேக்க, ரோம நகைச்சுவை நாடகங்களில் இந்த வேலையை முகமூடி செய்தது. ஒரே சாயலில் நாடகத்துக்கு நாடகம் திரும்பத் திரும்ப வரும் இத்தகைய பாத்திரத்தை 'வார்ப்புப் பாத்திரம்' எனலாம். கஞ்சக் கிழவர், காதலில் கிறங்கிய இளைஞன், தற்பெருமை பேசும் படைவீரன், அடிமை ஆகியோர் அந்த வரிசையில் வருபவர்கள்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலக்ஸ் என்ற அறிஞர், நகைச்சுவை நாடகத்துக்குரிய 44 முகமூடிகளைப் பட்டியலிட்டிருக்கிறார். அவற்றில் 7 ஆண் அடிமைகளுக்கானவை. அவற்றுள் முதன்மை அடிமையின் முகமூடிக்குச் செம்முடியும் உயர்த்திய புருவமும் உண்டு. பிளாட்டஸின் 'சூடோலஸ்' நாடகத்தில், தன்னை ஏமாற்றியவன் எப்படி இருந்தான் என்று ஒருவன் விவரிக்கும் இடம் இங்கு நினைவுக்கு வருகிறது. செம்முடி, தொந்தி, பருத்த கெண்டைக்கால், கருத்த மேனி, பெரிய தலை, கூர்ந்த கண், சிவந்த முகம் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியாக மிகப் பெரிய பாதங்கள் என்கிறான். பாதம் என்றதும் கேட்டுக்கொண்டிருந்தவன் தலையில் கைவைத்துவிடுகிறான்: வந்தவன் சூடோலஸேதான்! சுதந்திரமான குடிமகனின் உடல் அளவானது, அடிமையின் உடல் கோணலானது என்ற எண்ணம் இந்த முகமூடிக்குள்ளும், உடலைப் பருமனாகக் காட்ட உடைக்குள் வைத்த திணிப்புக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. சிரிப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டுவிடுகிறது.

பெயர்களும் அப்படித்தான். சீரஸ் என்றால் சிரியாக்காரன்; கேத்தாஸ் என்றால் கேத்தே இனத்தவன்; காரியோன் என்றால் காரியா நாட்டான்; திராத்தா என்றால் திரேசியப் பெண். வாங்கி வந்த ஊரே ஆளின் பெயராகிவிடுகிறது. பெற்றோர் இட்ட பெயர் என்ன என்று எந்த நாடகமும் பெரும்பாலும் கேட்பதில்லை.

ஏதென்ஸ்: கடவுளும் அடிமையும் உடை மாற்றிக்கொண்டபோது

ஏதென்ஸின் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் எழுதி, கி.மு. 405-இல் அரங்கேறிய 'தவளைகள்' ஓர் அடிமையின் கேள்வியோடு தொடங்குகிறது. டயோனிசஸ் கடவுள் கால்நடையாக வருகிறார். அவருடைய அடிமை சாந்தியாஸ் கழுதை மேல் அமர்ந்து, மூட்டையைத் தன் தோளில் சுமந்து வருகிறான். 'எப்போதும் சொல்லிச் சிரிக்க வைக்கிற பழைய நகைச்சுவைகளில் ஒன்றை எடுத்துவிடட்டுமா?' என்கிறான் அவன். சுமை தாங்காமல் முனகும் அடிமை என்பது அதற்குள்ளாகவே தேய்ந்துபோன உத்தியாகிவிட்டது என்பதையே ஆசிரியர் இங்கு நகைச்சுவையாக்குகிறார்.

பாதாள உலகத்துக்குப் போகும் வழியில் டயோனிசஸ், பலசாலியான ஹெராக்ளிஸைப் போலச் சிங்கத்தோல் போர்த்துக் கையில் தடி பிடித்திருக்கிறார். ஹெராக்ளிஸ் மேல் கோபம் கொண்டவர்கள் எதிர்ப்படும்போது உடையை அடிமைக்குக் கொடுத்துவிடுகிறார். ஹெராக்ளிஸுக்கு விருந்து என்று அழைப்பு வந்தவுடன் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார். கடைசியில் சிங்கத்தோல் சாந்தியாஸ் மேல் இருக்கும்போது வாயிற்காவலன் வந்து குற்றம்சாட்ட, சாந்தியாஸ் அசராமல், 'என் அடிமையை வேண்டுமானால் சித்திரவதை செய்து விசாரித்துக்கொள்' என்று டயோனிசஸைக் கைகாட்டுகிறான். ஏதென்ஸ் நீதிமன்ற வழக்கத்தை அறிந்திருந்த பார்வையாளர்களுக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் எவ்வளவு கூர்மையாகத் தைத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'நான் கடவுள்' என்று டயோனிசஸ் அலற, கடவுளுக்கு வலிக்காதே என்று இருவரையும் மாறிமாறிச் சாட்டையால் அடிக்கிறார்கள். யார் கடவுள், யார் அடிமை என்று அடிப்பவனால் கடைசிவரை கண்டுபிடிக்க முடிவதில்லை.

எனக்கு இதைவிட நுட்பமாகப் படுவது அதற்கு அடுத்த சிறு காட்சி. எஜமானர் உள்ளே போனபின், சாந்தியாஸும் அங்குள்ள இன்னோர் அடிமையும் தனியே பேசிக்கொள்கிறார்கள். எஜமானரை அவர் முதுகுக்குப் பின்னால் சபிப்பதில் உள்ள இன்பம், கதவோரம் நின்று ஒட்டுக்கேட்பதில் உள்ள இன்பம், கேட்டதை வெளியே போய்ச் சொல்வதில் உள்ள பேரின்பம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மகிழ்கிறார்கள். ஒரு வீட்டில் நெடுங்காலம் வேலை செய்பவருக்கு அந்த வீட்டின் எல்லா மறைவுகளும் தெரியும். வீட்டாருக்கு அவரைப் பற்றி ஏறக்குறைய எதுவும் தெரியாது. அந்த ஏற்றத்தாழ்வு எஜமானர்களுக்கு உள்ளூர ஓர் அச்சத்தைத் தந்திருக்கும். காட்சி அந்த அச்சத்தைச் சிரிப்பாக மாற்றிக் கொடுக்கிறது.

இது அரங்கேறிய காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டில், கி.மு. 406-இல், அர்கினூசாய் கடற்போரில் துடுப்பு வலித்த அடிமைகளுக்கு ஏதென்ஸ் விடுதலை அளித்திருந்தது. சாந்தியாஸ் அந்தப் போருக்குப் போயிருந்தால் விடுதலை பெற்றிருப்பான். கண்நோய் வந்ததால் போக முடியவில்லை என்கிறான். அவ்வளவு துடிப்போடு முன்பாதியை நடத்திச் செல்லும் இந்தப் பாத்திரம், நாடகத்தின் பின்பாதியில் துன்பியல் நாடகாசிரியர்களான ஈஸ்கிலஸுக்கும் யூரிப்பிடீஸுக்கும் இடையே நடக்கும் கவிதைப் போட்டி தொடங்கியதும் மேடையிலிருந்து காணாமலே போய்விடுகிறது. பெரிய விஷயங்கள் பேசப்படும் இடத்தில் அவனுக்கு வேலையில்லை.

துன்பியல் நாடகம்: நேற்றைய அரசி, இன்றைய அடிமை

துன்பியல் நாடகத்தில் நம் மனத்தை உலுக்கும் அடிமைகள் பெரும்பாலும் பிறப்பால் அடிமைகள் அல்லர். யூரிப்பிடீஸின் 'ட்ராய் நகரப் பெண்கள்' கி.மு. 415-இல் அரங்கேறியது. வீழ்ந்த நகரத்தின் அரசி ஹெகுபா, மகள் கசாண்ட்ரா, மருமகள் அந்த்ரோமக்கே ஆகியோரை வென்றவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மேலோஸ் தீவை ஏதென்ஸ் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றது அதற்குச் சற்று முன்புதான். அந்த மேடைக்கு எதிரே அமர்ந்திருந்தவர்கள் யார் என்பதை மறந்துவிட்டு இந்த நாடகத்தைப் படிக்க முடியாது. ஆனாலும் அது உண்டாக்கும் இரக்கம், அடிமையாக இருக்கத் தகாதவர்கள் அடிமையானார்களே என்ற இரக்கம். ஹெகுபாவின் அரண்மனையில் முன்பே அடிமைகளாக இருந்த பெண்களுக்காக யாரும் அழுவதில்லை.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. கி.மு. 458-இல் வந்த ஈஸ்கிலஸின் நாடகமொன்றில், அரசகுமாரன் ஒரெஸ்டஸ் இறந்துவிட்டான் என்ற பொய்ச் செய்தி கேட்டு உண்மையாகவே அழுபவள் அவனை வளர்த்த கிலிசா என்ற செவிலி மட்டும்தான். குழந்தையின் இரவு அழுகை, நனைந்த துணிகளைத் துவைத்தது என்று அவள் நினைவுகூரும் சில வரிகள் அந்த அரச குலத்துப் பேச்சுகளுக்கு நடுவே தனித்து நிற்கின்றன. அவள் பெயருக்கும் 'சிலிசியா நாட்டுப் பெண்' என்பதே பொருள்.

யூரிப்பிடீஸின் 'இயோன்' நாடகத்தில் ஒரு முதிய அடிமை, அடிமைக்கு இழிவு தருவது அந்தப் பெயர் ஒன்றே, மற்றபடி நல்ல அடிமை எவ்விதத்திலும் சுதந்திர மனிதனுக்குத் தாழ்ந்தவன் அல்லன் என்ற கருத்தைச் சொல்கிறான். அடிமைமுறை எதிர்ப்புக்குச் சான்றாக இவ்வரிகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆனால் இதைச் சொல்லிவிட்டு அவன் நேராகச் செய்யப் போவது, எஜமானிக்காக ஓர் இளைஞனுக்கு நஞ்சு வைப்பது. பாத்திரம் சொன்ன வரியை ஆசிரியரின் கொள்கையாக எடுத்துக்கொள்ளும் அவசரத்தை இந்த ஓர் இடமே தடுத்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஏதென்ஸின் நகைச்சுவையில் அடிமை, எஜமானரின் கோழைத்தனத்தைக் காட்டும் கண்ணாடியாக வருகிறான், துன்பியலில் அடிமைநிலை, மேலோர் விழக்கூடிய பள்ளமாக வருகிறது. இரண்டிலும் அடிமையின் சொந்த வாழ்க்கை ஓரமாகவே இருக்கிறது. அவனைக் கதையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியது இதற்குப் பின் வந்த நாடகம்.

மெனாண்டரிடமிருந்து பிளாட்டஸுக்கு

கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸில், அரசியலையும் கடவுளரையும் விட்டு நகரத்துக் குடும்பங்களின் காதல், சொத்து, திருமணச் சிக்கல்களைப் பேசும் ஒரு நாடக வகை தழைத்தது. இதைப் 'புதிய இன்பியல்' என்பார்கள். அதன் தலைசிறந்த ஆசிரியர் மெனாண்டர். அவருடைய அடிமைகள் அளவாகப் பேசுபவர்கள், பலர் உண்மையான கவலை உள்ளவர்கள். 'கேடயம்' நாடகத்தில் தாவோஸ் என்ற அடிமை, போரில் இறந்ததாகக் கருதப்படும் இளைய எஜமானரின் நசுங்கிய கேடயத்தோடு திரும்பிவந்து புலம்புவதில்தான் கதை தொடங்குகிறது. அதே நாடகத்தில் விருந்துப் பணிக்கு வந்த ஒருவன், தாவோஸ் பிரிஜிய நாட்டவன் என்பதால் அவனை இளப்பமாகப் பேசி, தன் இனத்தவரே ஆண்மை மிக்கவர்கள் என்றும், அதனால்தான் மாவு ஆலைகள் தங்களால் நிரம்பியிருக்கின்றன என்றும் பெருமையடிக்கிறான். அடங்காத அடிமைகளைச் சங்கிலியிட்டு அனுப்பும் இடம் மாவு ஆலை. இந்த ஒற்றை வரிக்குள் எவ்வளவு கசப்பு இருக்கிறது பாருங்கள்.

கிரேக்கத்தின் இந்த நாடகங்களை ரோமானியர்கள் தம் மொழியில் தழுவி எழுதினார்கள். கிரேக்க ஊர்களில், கிரேக்கப் பெயர்களோடு, கிரேக்க மேலாடை அணிந்த பாத்திரங்களைக் கொண்டு லத்தீனில் எழுதப்பட்டதால் இவற்றை அந்த மேலாடையின் பெயராலேயே 'பல்லியாட்டா' நாடகங்கள் என்றார்கள். கி.மு. 184-இல் இறந்ததாகக் கருதப்படும் பிளாட்டஸ், இந்த வகையில்தான் எழுதினார். தழுவலில் அவர் என்ன மாற்றினார் என்பது நீண்டகாலம் ஊகமாகவே இருந்தது. அவருடைய 'பாக்கிடெஸ்' நாடகத்துக்கு மூலமான மெனாண்டர் நாடகத்தின் சில பகுதிகள் எகிப்திய பாப்பிரஸ் தாள்களிலிருந்து 1968-இல் வெளியானபோது முதன்முறையாக இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க முடிந்தது. மெனாண்டரில் அடிமையின் பெயர் சீரஸ். பிளாட்டஸ் அவனுக்குப் பொன் என்ற பொருள் தொனிக்கும் 'கிரிசாலஸ்' என்ற பெயரைச் சூட்டி, அவன் வாயாலேயே, இரண்டு மூன்று மினா (கிரேக்கப் பண அளவு) திருடும் பார்மெனோக்களும் சீரஸ்களும் (நாடக அடிமைகளின் வழக்கமான பெயர்கள்) எனக்கு எம்மாத்திரம் என்று பேசவும் வைத்திருக்கிறார்! மூலத்தில் வந்த அடிமையைத் தழுவலில் வந்த அடிமை மட்டம் தட்டுகிறான்.

சூழ்ச்சிக்கார அடிமை

பிளாட்டஸ் இப்படிப் பெரிதாக்கிய வார்ப்புப் பாத்திரத்தைச் 'சூழ்ச்சிக்கார அடிமை' என்று அழைக்கலாம். கதையின் எலும்புக்கூடு ஏறக்குறைய ஒன்றுதான். இளைய எஜமானன் ஒரு பெண்ணை விரும்புகிறான். அவள் பரத்தமைத் தரகன் ஒருவனின் உடைமை. அவளை மீட்கப் பணம் வேண்டும். பணம் தந்தையிடம் இருக்கிறது. அடிமை தந்திரம் செய்து அதைக் கறக்க வேண்டும்.

கி.மு. 191-இல் ரோமில், பெருந்தாய்த் தெய்வத்தின் கோயில் அர்ப்பணிக்கப்பட்ட விழாவில் அரங்கேறிய 'சூடோலஸ்' இந்த வகையின் உச்சம். ஃபீனிகியம் என்ற பெண்ணைத் தரகன் பாலியோ ஒரு படைவீரனுக்கு 20 மினாவுக்கு விற்றுவிட்டான். 15 மினா கைக்கு வந்துவிட்டது, மீதி 5 மினாவோடும் ஓர் அடையாள முத்திரையோடும் ஆள் வந்ததும் அவளை ஒப்படைக்க வேண்டும். சூடோலஸ் என்ன செய்கிறான்? தன் எஜமானரிடமே போய், இன்று உங்களை ஏமாற்றப் போகிறேன், எச்சரிக்கையாக இருங்கள் என்று அறிவித்துவிடுகிறான். பிறகு தனியே நின்று, கையில் ஒரு திட்டமும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறான். எழுதுபலகையை எடுக்கும் கவிஞன் உலகில் எங்கும் இல்லாத ஒன்றைத் தேடிக் கண்டடைவதுபோல, இல்லாத 20 மினாவை நானும் கண்டடைவேன் என்கிறான். இந்த இடத்தில் அடிமையும் நாடகாசிரியரும் ஒருவராகிவிடுகிறார்கள். கதையை நகர்த்துபவன், வேடம் கட்டுபவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவன், பார்வையாளர்களிடம் நேரே பேசுபவன் எல்லாம் அவனே. எஜமானர்களும் தரகர்களும் அவன் எழுதும் கதையில் நடிப்பவர்கள் மட்டுமே.

இன்னொரு நாடகத்தில், 20 மினா பணப்பையைக் கையில் வைத்திருக்கும் அடிமை, இளைய எஜமானனைக் குதிரைபோல் குனியவைத்து அவன் முதுகில் ஏறிச் சவாரி செய்த பிறகே பணத்தைக் கொடுக்கிறான். 'எபிடிகஸ்' நாடகத்தில் கட்டுண்ட அடிமை, எஜமானர் கெஞ்சிக் கேட்ட பிறகே தன் கட்டை அவிழ்க்க இசைகிறான். இவ்வளவும் ரோமில், குடும்பத் தலைவருக்கு வீட்டாரின் உயிர் மேலேயே அதிகாரம் இருந்த ஊரில், அரசு விழாக்களில் நடந்தன.

அனுமதி எங்கிருந்து வந்தது

நம் ஊர்க் கல்யாணத்தில் நலங்கு வைக்கும்போது மாப்பிள்ளையைப் பெண்வீட்டார் வாய்க்கு வந்தபடி பாட்டாகக் கட்டிக் கேலி செய்வார்கள். அதே சொல்லை மறுநாள் காலையில் சொன்னால் அது சண்டையாகிவிடும். சொல் மாறவில்லை, சூழல்தான் மாறியது. ரோமானியருக்கு டிசம்பரில் வந்த சதுர்னாலியா விழாவில் எஜமானர்களும் அடிமைகளும் சேர்ந்து விருந்துண்பதும், அடிமைகள் துணிந்து பேசுவதும் வழக்கம். பிளாட்டஸின் நாடகங்கள் இந்தத் தலைகீழ் விடுமுறையின் உணர்வில் எழுந்தவை என்று 20-ஆம் நூற்றாண்டு அறிஞர் எரிக் சீகல் விளக்கினார்.

ஆனால் விழா மட்டும் போதவில்லை. வேறு சில வேலிகளும் தேவைப்பட்டன. முதல் வேலி, கதை நடக்கும் இடம். கி.மு. 200-இல் அரங்கேறிய 'ஸ்டிகஸ்' நாடகத்தில் ஓர் அடிமை தன் விருந்துக்கு ஏற்பாடு செய்துகொண்டே பார்வையாளர்களைப் பார்த்து, அடிமைகள் குடிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், விருந்து வைக்கிறார்கள் என்று வியக்க வேண்டாம், ஏதென்ஸில் எங்களுக்கு இது அனுமதி என்கிறான். அதாவது, இது ரோம் இல்லை, வெளிநாடு. கி.பி. 4-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் தொனாட்டஸ் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்: கிரேக்க உடை நாடகங்களில் அடிமைகளை எஜமானர்களைவிட அறிவாளிகளாகக் காட்டலாம், ரோம உடை நாடகங்களில் பெரும்பாலும் காட்டக்கூடாது. என் பார்வையில் இந்தத் தலைப்பு முழுவதையும் திறக்கும் சாவி இந்த ஒரு வாக்கியம்.

இரண்டாவது வேலி, தந்திரத்தின் பயன் யாருக்குப் போகிறது என்பது. சூடோலஸும் திரானியோவும் இவ்வளவு பாடுபட்டது தங்கள் விடுதலைக்காக இல்லை, இளைய எஜமானர்களின் காதலுக்காக. ஏமாந்தவர் தந்தை, பயனடைந்தவர் மகன்; செல்வம் வீட்டை விட்டு வெளியேறினாலும் அதிகாரம் அதே குடும்பத்தில்தான் தங்குகிறது. நாளை அந்த மகனே எஜமானராவான்.

மூன்றாவது, தண்டனை. இந்த நாடகங்களில் சாட்டை, விலங்கு, மாவு ஆலை, சிலுவை ஆகியவை பற்றிய பேச்சு ஓய்வதே இல்லை. அடிமைகள் ஒருவரையொருவர் விளிப்பதே 'சாட்டைக்கு இரையானவனே' என்ற மாதிரிச் சொற்களால்தான். சூழ்ச்சிக்கார அடிமை மேடையில் பெரும்பாலும் அடி வாங்குவதில்லை. ஆனால் அவனுடைய தண்டனை நீக்கப்படுவதில்லை, தள்ளிப்போடப்படுகிறது. திரானியோ பலிபீடத்திலிருந்து சொன்ன 'நாளைக்கு' என்ற சொல்லின் பொருள் இதுதான். நாடகம் நாளைக்கு முன்பே முடிந்துவிடுவதால் நாம் சிரித்துக்கொண்டே எழுந்து போகிறோம்.

ஆக, அடிமையின் துடுக்குக்குக் காலத்தால் ஓர் எல்லை, இடத்தால் ஓர் எல்லை, பயனால் ஓர் எல்லை. இந்த எல்லைகளுக்குள் அவன் அரசன்.

அடிமை என்று நினைத்தோம், குடிமகள் என்று தெரிந்தது

கதையின் மையத்தில் இருக்கும் அந்தப் பெண்ணின் நிலை என்ன? இங்கு ஒரு தொழில்நுட்பச் சொல் தேவைப்படுகிறது. பிரிந்த உறவை ஒரு மோதிரம், விளையாட்டுப் பொருள், தழும்பு ஆகியவற்றின் மூலம் கண்டுகொள்ளும் திருப்பத்தை 'அடையாளம் அறிதல்' என்பார்கள். தரகனிடம் அகப்பட்ட பெண், குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டவள், ஒரு குடிமகனின் மகள் என்று கடைசியில் தெரிகிறது; உடனே அவள் திருமணத்துக்கு உரியவளாகிவிடுகிறாள். அப்படித் தெரியாத பெண்ணுக்கு மனைவி என்ற இடம் கிடைப்பதில்லை. அடிமைகளிலேயே மிகக் குறைவாகப் பேசுபவர்களும், பேச்சுக்கு மிக அதிகமாக ஆளாகிறவர்களும் இந்தப் பெண்கள்தான். சூடோலஸ் அவ்வளவு பாடுபட்ட ஃபீனிகியம் மேடையில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை.

இந்த உத்தியை ஆண் அடிமைக்குப் பொருத்தி எழுதப்பட்ட பிளாட்டஸின் 'கைதிகள்' என்ற நாடகம் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. போர்க்கைதிகளான எஜமானனும் அவனுடைய அடிமை திண்டாரஸும் ஆள்மாறாட்டம் செய்துகொண்டு, எஜமானனைத் தப்பவிடுகிறார்கள். அவர்களை விலைக்கு வாங்கி வைத்திருந்த ஹெகியோ, ஏமாந்த கோபத்தில் திண்டாரஸைச் சங்கிலியிட்டுக் கல்லுடைக்க அனுப்புகிறார். இங்கே தண்டனை பேச்சோடு நிற்கவில்லை. அவன் விலங்கோடு திரும்பிவருகிறான். பல ஆண்டுகளுக்கு முன் தன் வீட்டிலிருந்து கடத்தப்பட்ட சொந்த மகனையே ஹெகியோ கல்லுடைக்க அனுப்பியிருக்கிறார் என்பது பிறகே தெரிகிறது. அடிமைக்கும் எஜமானருக்கும் இடையே பிறப்பால் வேறுபாடு இல்லை என்று நாடகம் சொல்லவந்ததாக நாம் மகிழ்வதற்குள், விலங்கு திண்டாரஸின் காலிலிருந்து கழற்றப்பட்டு, அவனைக் கடத்தி விற்ற உண்மையான அடிமைக்கு மாட்டப்படுகிறது.

டெரன்ஸ்: அடக்கமான மேடை, பெரிய சந்தை

அடுத்த தலைமுறை ஆசிரியரான டெரன்ஸ் கார்த்தேஜில் பிறந்து, ரோமில் அடிமையாக இருந்து, எஜமானரால் கல்வியும் விடுதலையும் பெற்றவர் என்று அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அடிமையாக இருந்தவர் எழுதினால் அடிமைகள் இன்னும் ஓங்கி ஒலிப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். நடந்தது நேர்மாறு. அவருடைய அடிமைகள் அடங்கியவர்கள். 'மாமியார்' நாடகத்தில் வரும் பார்மெனோவை எல்லாரும் ஏதாவது ஒரு வேலை சொல்லி அனுப்பிக்கொண்டே இருப்பதால் நடந்தது என்ன என்பது கடைசிவரை அவனுக்குத் தெரிவதே இல்லை. சூழ்ச்சிக்கார அடிமைக்குப் பழக்கப்பட்ட பார்வையாளர்களுக்கு அதுவே நகைச்சுவை.

டெரன்ஸின் 'சகோதரர்கள்' கி.மு. 160-இல், எமிலியஸ் பவுலஸ் என்ற தளபதியின் இறுதிச்சடங்கு விழாவில் அரங்கேறியது. அதன் முடிவில் சீரஸ் என்ற அடிமைக்கும் அவன் துணைவிக்கும் விடுதலை கிடைக்கிறது. யாருடைய நினைவாக அந்த நாடகம் நடந்ததோ அந்தத் தளபதி, ஏழாண்டுகளுக்கு முன் கி.மு. 167-இல் எபிரஸ் பகுதியில் 150,000 பேரை அடிமைகளாக்கியதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

யார் பார்த்தார்கள், யார் நடித்தார்கள்

இதுவரை எஜமானர்களின் கண்வழியே பார்த்தோம். ரோம அரங்கில் அவர்கள் மட்டும் இருக்கவில்லை. பிளாட்டஸின் ஒரு நாடக முன்னுரையில், அடிமைகள் இருக்கைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டாம், சுதந்திரமானவர்களுக்கு இடம் விடுங்கள், இல்லையென்றால் காசு கொடுத்து விடுதலை வாங்கிக்கொள்ளுங்கள் என்ற அறிவிப்பு வருகிறது. அப்படியானால் அடிமைகள் அங்கே வந்திருந்தார்கள். திரானியோவின் சொல்லுக்கு முன்வரிசையில் எழுந்த சிரிப்பும் பின்னால் நின்றவர்களிடம் எழுந்த சிரிப்பும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. நடிகர்களிலும் எழுத்தாளர்களிலும் அடிமைகளும் விடுவிக்கப்பட்டவர்களும் பலர் என்பதால், இந்த நகைச்சுவையை அடித்தட்டு மக்களின் சொந்தக் குரலாகவே கேட்க வேண்டும் என்று ஏமி ரிச்லின் போன்ற இக்கால ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். முழுமையாக ஏற்காவிட்டாலும், வேலிகளைப் பற்றி மட்டும் பேசி முடித்துவிடக் கூடாது என்பதற்கு அந்த வாதம் போதும்.

ஏதென்ஸில் நடிப்பது சுதந்திரமான ஆண்களின் மதிப்புக்குரிய தொழில். ரோமில் அது இழிவாகக் கருதப்பட்டது. 'சிஸ்டெல்லாரியா' என்ற நாடகம் முடிந்தவுடன் நடிகர் குழு முன்னால் வந்து, இனி உடைகளைக் களைவோம், தவறு செய்தவர் அடி வாங்குவார், செய்யாதவர் குடிப்பார் என்கிறது. எஜமானர் வேடமிட்டவரும் முகமூடியைக் கழற்றியபின் அடி வாங்கக்கூடும்.

அப்படிப்பட்ட ஒரு நடிகரின் பெயர் நமக்குத் தெரியும். கி.மு. முதல் நூற்றாண்டில் ஃபேனியஸ் என்பவருக்குச் சொந்தமான பானூர்கஸ் என்ற அடிமையை, அக்காலத்தின் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் ரோஷியஸ் பங்குக்கு எடுத்து நடிப்புப் பயிற்றுவித்தார். ரோஷியஸ் வேறு யாருமில்லை, 'சூடோலஸ்' நாடகத்தின் தரகன் பாலியோவாக நடித்துப் பெயர் வாங்கியவர். பானூர்கஸ் என்றால் கிரேக்கத்தில் 'எதையும் செய்யத் துணிந்தவன்'. மேடையில் சூழ்ச்சிக்கார அடிமைக்கு வைக்கக்கூடிய பெயர். அவரை ஃபிளாவியஸ் என்ற ஒருவர் கொன்றுவிட்டார். சேதமான சொத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரப்பட்டு, ரோஷியஸுக்கு ஒரு பண்ணை நிலம் கிடைத்தது. அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று உரிமையாளர்கள் இருவரும் பின்னர் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டார்கள். ரோஷியஸுக்காக வாதாடிய புகழ்பெற்ற ரோமப் பேச்சாளர் சிசெரோ, உடல் ஃபேனியஸுடையது, கலை ரோஷியஸுடையது, விலைமதிப்பு இருந்தது கலைக்குத்தான் என்றார். அந்த உரையின் எஞ்சிய பகுதியில் நிலத்தின் மதிப்பு, கணக்குப் புத்தகங்கள், ஒப்பந்தம் எல்லாம் விரிவாகப் பேசப்படுகின்றன. பானூர்கஸ் ஏன் கொல்லப்பட்டார் என்பது மட்டும் அதில் இல்லை.